கடல் கடந்த பஞ்சசீலம்

எங்க ஒக்கூர்ப் பக்கம் செட்டியார் வீட்டுத் தேக்குத் தூணைக் காட்டி, 'பர்மாவிலேருந்து கப்பல்ல வந்தது' என்பார்கள். கடல் கடந்த பெருமை வட்டிக்கடை வைத்தவர்களுக்கு மட்டும்தானா? நம்ம ஆளுங்களும் போயிருக்காங்க.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்றார். சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சேரிச் சனங்கள் கூடிப் பேசவும், சாதி பார்க்காத சமயத்தைக் கைக்கொள்ளவும் அது இடமானது. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் கிளைகள் முளைத்தன. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையும் வந்தது. அரசாங்கமோ பணக்காரனோ சொல்லி நடந்ததல்ல இது. உழைக்கிற சனங்கள் தாங்களே நடத்திய பண்பாட்டுப் பரிமாற்றம்.

1914இல் மறைந்தவரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட 1999 ஆகிவிட்டது. அஞ்சல்தலை 2005இல் வந்தது. சென்னை கிண்டியில் மணிமண்டபம் 2023இல் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒருவர் மட்டும் இருந்தால் சங்கமாகுமா? கோலார் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே கிளையைக் கட்டிக் காத்தவன், ரங்கூனில் கூலிக்குப் போன இடத்தில் கூட்டம் கூட்டியவன், இவங்க பேரு எந்தக் கல்லுல இருக்கு? தேக்குத் தூணுக்குக் கதை சொல்ல ஆளிருக்கு. இவங்க கதையை நாமதான் தேடி எழுதணும்.