பால் நுரை வீட்டுக்கு வந்த கதை

வீட்டில் கப்புசினோ போட இன்று ஒரு மில்க் ஃப்ராதர் போதும். பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் பால் நுரைத்து நிற்கும். ஆனால் பல காலம் இந்த நுரை கடைகளில் மட்டும்தான் கிடைத்தது. ஏன் என்று பார்ப்போமா?

1884-ல் இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ, நீராவி அழுத்தத்தால் காபி போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது மொத்தமாகக் காபி போடும். 1901-ல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா, ஒவ்வொரு கோப்பையாகப் போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அந்த உரிமையை வாங்கிய டெசிடேரியோ பவோனி, 1905-ல் தயாரிப்பைத் தொடங்கினார்.

இவற்றில் கொதிகலன் இருந்தது காபிக்காக. ஆனால் நீராவி இருக்கும்போது பாலையும் அதிலேயே சூடாக்கலாமே! குழாய் முனையைப் பாலின் மேற்பரப்பில் பிடித்தால் சூடும் நுரையும் சேர்ந்தே வந்தன. அதற்குக் கொதிகலனும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். அதனால்தான் நுரை கடையிலேயே தங்கிவிட்டது.

உண்மையில் நுரைக்கு நீராவி தேவையில்லை. காற்றும் பாலின் புரதமும் போதும். புரதம் குமிழியைச் சுற்றிப் படலமாக நின்று உடையாமல் காக்கிறது. வீட்டுக் கருவியில் கம்பிச்சுருள் சுழன்று காற்றைக் கலக்கிறது. அடியில் உள்ள மின்சூடு, பால் சுமார் 65 டிகிரியை எட்டியதும் தானே நின்றுவிடுகிறது. கடைக்காரரின் கைப்பழக்கம் அந்த ஒரு சுவிட்சில் அடங்கிவிட்டது!

நம் டவராவும் டம்ளரும் செய்வதும் இதைத்தானே? உயர்த்தி ஆற்றும்போது காற்று கலந்து நுரை வருகிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் புதுக் கருவி, இத்தாலிய இயந்திரத்தைவிட நம் டவராவுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.