ஒரே தொழிற்சாலை, ரெண்டு விதமான பாடி: ஒரகடத்துக் குட்டி கார்களின் கதை

"ரெண்டு லட்சத்துக்குள்ள ஒரு பழைய குட்டி கார் வருது, வாங்கலாமா?" நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மென்பொருள் ஆள், வாகனப் பொறியாளர் கிடையாது. ஆனா இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் மெக்கானிக்கிட்ட இல்லை, வரலாற்றுலதான் இருக்கு. அந்த வரலாறு பாதிக்கு மேல நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமே நடந்தது.

முதலில் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் அங்கே 1996-ல் அடிக்கல் நாட்டியது, 1998-ல் சான்ட்ரோ வந்தது. 2007-ல் ஐ10. இந்த ஐ10 நமக்கு மட்டும் செய்த கார் இல்லை. இங்கே செய்து, சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் போனது. 2008-ல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் அது 4 நட்சத்திரம் வாங்கியது.

அடுத்தது ஒரகடம். ரெனோ-நிசான் கூட்டு ஆலை 2010 மார்ச்சில் திறந்தது. அங்கிருந்து வந்த முதல் கார் நிசான் மைக்ரா. ஐரோப்பாவில் விற்ற மைக்ராவும் பல வருடம் இங்கிருந்தே, எண்ணூர் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. அதுக்கும் யூரோ என்கேப் 2010-ல் 4 நட்சத்திரம் கொடுத்தது. இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்குங்க.

அதே காலத்தில் இந்தியாவில் இன்னொரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது: யார் அதிக மலிவாகக் கார் விற்பது? 2008 ஜனவரியில் டாடா நானோவை "ஒரு லட்ச ரூபாய் கார்" என்று காட்டியதுமே எல்லாக் கம்பெனிகளும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டன. நானோ தடுமாறினாலும் போட்டி நிற்கவில்லை. 2011-ல் ஹூண்டாய் இயான் 2.69 லட்சத்தில் வந்தது. நிசான் ஒரு படி மேலே போய், 1980-களில் கைவிட்ட டாட்சன் என்ற பழைய பெயரையே தூசு தட்டி எடுத்தது. 2014 மார்ச்சில் டாட்சன் கோ, ஆரம்ப விலை 3.12 லட்சம். 2015 செப்டம்பரில் ரெனோ க்விட், 2.57 லட்சம். 2016-ல் டாட்சன் ரெடி-கோ, 2.39 லட்சம். கடைசி மூன்றும் ஒரகடத்தில் செய்தவை.

இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படி முடிந்தது? ஒவ்வொரு பொருளாகக் கழற்றியதால் முடிந்தது. க்விட்டில் முன்பக்கம் ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. டாட்சன் கோவில் மியூசிக் சிஸ்டத்துக்குப் பதிலாக மொபைலைச் செருகிவைக்க ஒரு தாங்கி. இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியலை. இதெல்லாம் ஷோரூமிலேயே கண்ணுக்குத் தெரியும். போதும்னு நினைக்கிறவர் வாங்குவார், போதாதுன்னா நகர்ந்துவிடுவார். நேர்மையான சிக்கனம்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் முதல் தடவையாக இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத வைத்துப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோ, ஐ10, ஐந்துக்குமே பூஜ்யம். ஃபிகோ, போலோ ரெண்டுலயும் ஆள் உட்காரும் கூடு நிலையாக நின்றது. ஏர்பேக் மட்டும்தான் குறை. ஏர்பேக் வைத்த போலோ 4 நட்சத்திரம் வாங்கியதே அதுக்குச் சாட்சி. ஐ10 உட்பட மற்ற மூன்றிலும் கூடே தாங்கவில்லை.

அந்த நவம்பரில் டாட்சன் கோவின் முறை. அதுக்கும் பூஜ்யம். பாடி இவ்வளவு பலவீனமாக இருப்பதால் ஏர்பேக் வைத்தாலும் பலனில்லை என்று குளோபல் என்கேப் சொன்னது. அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, இந்தக் காரைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார். இந்திய விதிகளுக்கு உட்பட்டே செய்திருக்கிறோம் என்பது நிசானின் பதில்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. கோ, மைக்ராவின் அதே வி-பிளாட்ஃபார்மில் செய்த கார். அதே ஆலை. ஐரோப்பாவுக்குப் போன மைக்ராவுக்கு 4, உள்ளூர் கோவுக்கு 0. ரெண்டு அமைப்பும் நட்சத்திரத்தைக் கணக்கிடும் முறை வேற என்பது உண்மைதான். ஆனா நேர்மோதல் சோதனையின் வேகம் ரெண்டிலும் அதே 64 கிலோமீட்டர். ஆக, நல்ல பாடி செய்யத் தெரியாமல் இல்லை. ஒரகடத்துத் தொழிலாளிக்கு அது கைவந்த வேலை.

அப்புறம் ஏன்? நிசானின் பதிலிலேயே விடை இருக்கு. காரை முன்பக்கமாக மோதவிட்டுப் பார்க்கும் கட்டாய விதி அன்றைக்கு இந்தியாவில் இல்லை. எங்க தொழிலில் சொல்வதானால், டெஸ்ட் கேஸ் எழுதாத இடத்தில்தான் கோட் உடையும். அந்த விதி புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும்தான் வந்தது. அதுவும் 56 கிலோமீட்டர் வேகத்தில். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. பக்கத்து சீட் ஏர்பேக், பழைய மாடல்களுக்கும் சேர்த்து, 2021 முடிவில்.

விதி வந்ததும் மலிவு விலைக்கான இடம் சுருங்கியது. 2020-ல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரலில் நிசான் இந்தியாவில் டாட்சன் தயாரிப்பை நிறுத்தியது. க்விட் இன்னும் வருது. ஆனா 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைத்த பிறகும் ஆரம்ப விலை 4.3 லட்சத்தை ஒட்டி. 2.57 லட்சத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தில் விலைவாசி ஒரு பங்கு. முன்பு காரில் வைக்காமல் விட்டவை இன்னொரு பங்கு.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுடுவோம். "நாலு பேர் ஒரே பைக்கில் போறதுக்கு பூஜ்ய நட்சத்திரக் கார் மேல்தானே?" லேசான வாதம் இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் ஏறத்தாழ 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17,884 பேர். ஊருக்குள், மழையில், சீட் பெல்ட் போட்டு நிதானமாகப் போனால் கார்தான் மேல், மறுக்க முடியாது. ஆனா கார் வாங்கியவர் ஊருக்குள்ளேயே நிற்பதில்லை. பைக்கில் போக யோசித்த தூரத்தை, குழந்தைகளோட, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 90-ல் போவார். அந்தக் கார் 64-க்கே தாங்காதது என்பது அவருக்குத் தெரியாது.

செலவையும் பாருங்க. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்கு 20 லிட்டர் போதும். 18 கொடுக்கும் காருக்கு ஏறக்குறைய 55 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே மாதம் 3,500 ரூபாய் கூடுதல், இன்ஷூரன்ஸ், டயர் தனி. வாங்கும் விலை மலிவு என்பதால் ஓட்டும் செலவு மலிவாகிவிடாது.

அப்போ வாங்கலாமா? என் பதில் இது. மலிவான, வசதி குறைந்த கார் வாங்குவதில் தப்பே இல்லை. பவர் விண்டோ இல்லையா, பரவாயில்லை. ஒரே வைப்பரா, பரவாயில்லை. பழைய காரென்றால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் போட்டிருக்கும், விலை பேசும் முன்னாடி அதைப் பாருங்க. 2019 ஜூலைக்கு முந்தைய அடிப்படை மாடல் என்றால், ஏர்பேக் இல்லாமல் விற்றிருக்கலாம். 2022-க்குப் பிந்தையது என்றால் முன்னால் ரெண்டு ஏர்பேக் இருக்கும். அடுத்து, அந்த மாடலின் பெயரைப் போட்டு என்கேப் முடிவைத் தேடிப் பாருங்க. நட்சத்திரத்தோட நிற்காமல், பாடி நிலையானதா என்று எழுதியிருப்பதையும் படிங்க. ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு டாட்சன் கோ அறிக்கையே பாடம்.

தேடிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். பூஜ்யம் வாங்கிய மாடல் என்றால், ஒரு வருடம் பொறுத்து இன்னும் ஐம்பதாயிரம் சேர்த்து வேற கார் பாருங்க. அதுவரை பைக்கில் போறவங்க பின்னால உட்காருபவருக்கும் சேர்த்து ஒரு ஹெல்மெட் வாங்கிடுங்க.