சேப்பாக்கம் மாளிகை புகட்டும் படிப்பினை

 

சென்னைக் கடற்கரைச் சாலையில் செல்வோர் சேப்பாக்கத்தின் செந்நிறக் கட்டிடங்களைக் கண்டிருப்பர். அவை ஒரு காலத்தில் ஆற்காடு நவாபின் தோட்ட மாளிகை என்பதைப் பலர் அறியார்.

நவாப் முஹம்மது அலீ வாலாஜா, கோட்டைக்கு வெளியே 1768இல் இம்மாளிகையை எழுப்பினார். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என இரு பகுதிகள். கூவம் ஆறு முதல் பைகிராப்ட்ஸ் சாலை வரையும், பெல்ஸ் சாலை முதல் கடற்கரை வரையும் 117 ஏக்கர் பரப்பு. ஆயினும் போர்ச் செலவுகளுக்காகக் கம்பெனியாரிடமும் அதன் ஊழியர்களிடமும் வட்டிக்கு வாங்கிய கடன், தோட்டத்தைவிட வேகமாக வளர்ந்தது. 1795இல் நவாப் வஃபாத்தானார். 1801இல் ஆட்சியதிகாரம் கம்பெனியிடம் சென்றது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தபின் பட்டமும் பறிக்கப்பட்டது. கடனுக்காக ஏலத்திற்கு வந்த மாளிகையை 1859இல் அரசே வாங்கிக்கொண்டது.

அதன்பின் மாளிகை அரசு அலுவலகங்களாயிற்று. தோட்டத்து நிலத்தில் மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழக செனட் இல்லமும் கிரிக்கெட் மைதானமும் தோன்றின. 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீக்கிரையானது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் நீத்தார். பின்னர் அது செப்பனிடப்பட்டுத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமளித்தது.

ஆனால் அதே வாலாஜா குடும்பத்தார் 1795இல் திருவல்லிக்கேணியில் கருங்கல்லால் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் பள்ளிவாசலாகவே நிற்கின்றது. இன்றும் அங்கே ஐவேளை பாங்கொலி கேட்கின்றது. தமக்கெனக் கட்டியது கைமாறிற்று. அல்லாஹ்வுக்கெனக் கட்டியது நிலைத்தது.

எனினும் இதைச் சொல்லி நாம் நிம்மதியாக உறங்கிவிடலாகாது. வக்ஃபு என்று பெயரிட்டதால் மட்டும் ஒரு சொத்து தானே பாதுகாக்கப்பட்டு விடுவதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஏவும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். ஆகவே நமது பள்ளியின் பத்திரங்கள், பட்டா, வாடகைக் கணக்கு ஆகியவற்றை ஆண்டுதோறும் மஹல்லாவாசிகள் முன்னிலையில் சரிபார்ப்போமாக! முன்னோர் விட்டுச் சென்ற அமானிதத்தைக் குறைவின்றிப் பின்னோரிடம் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.