ஈழத்துத் தமிழ் நூல்களும் ஆசிரியர் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் நூல் வெளியீட்டை ஆராய்ந்தோர் பதிப்பாளரின் தொண்டினையும் இலக்கியப் போக்குகளையும் விரிவாக எழுதியுள்ளனர். எழுதியவர்க்குத் தம் எழுத்தின்மீதுள்ள உரிமை யாது, அது மீறப்படின் அவர் செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும்.

அச்சிடுவோர், வெளியிடுவோர் தொடர்பான 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நூல்களைப் பதிவதற்கும் பிரதிகளைப் பேணுவதற்கும் வழிசெய்தது. எனினும், ஆசிரியரின் பொருளியல் நலன் அதன் நோக்கமன்று. பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்நாட்டுக்கும் ஏற்புடையதாயிற்று. இலங்கை 1959இல் பேர்ண் உடன்படிக்கையில் இணைந்தபோதிலும், 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வரும்வரை, சுதந்திரத்தின் பின் முப்பத்தோராண்டுகள் பேரரசின் சட்டமே நிலைத்தது. இன்று நடைமுறையிலிருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமாகும்.

இச்சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு வேண்டியதில்லை. ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவின்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமையைப் பிறருக்குக் கையளிப்பதாயின் இருசாராரும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். இவ்விதி நமது வழக்கத்தோடு நேரே முரண்படுகின்றது. 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிப் பின்னர் கொட்டாஞ்சேனை அயலிலுள்ள ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளியிட்ட 'மல்லிகை' போன்ற சிற்றேடுகள் இலாபத்தால் அன்றி, இலட்சியத்தாலும் நட்பாலும் வாழ்ந்தவை. அத்தகைய சூழலில் வாய்ச்சொல்லே உடன்பாடாக அமைந்தமை இயல்பே. ஆயின், அந்நட்பின் எல்லைக்கு அப்பாலுள்ள வணிகர் ஒருவர் ஒரு கதையை அனுமதியின்றித் தொகுப்பிற் சேர்க்கும்போது, எழுத்தாளரிடம் காட்டுதற்கு ஓர் ஆவணமும் இருப்பதில்லை.

பிரதியெடுத்தல் யாவும் களவன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிறிதோரிடத்திற் பிரதி இருந்த நூலே மீண்டது. வணிக நோக்கற்ற நூலகம், அழிந்த பிரதிக்கு ஈடாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளிக்கின்றது. வாழும் ஆசிரியரின் நூலை நிழற்பிரதியாக்கி விற்பதையும் அரிய நூலைப் பேணுவதையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

மீறலுக்கு நீதிமன்றத் தடையுத்தரவும் இழப்பீடும் உள்ளன. தெரிந்தே மீறுபவர்க்கு ஐந்து இலட்சம் ரூபாவரை தண்டமும் ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கலாம். எனினும், தம் செலவிலேயே நூல் அச்சிடும் எழுத்தாளர் தனித்து வழக்காடுதல் அரிது. ஆகவே பரிகாரம் கூட்டு முயற்சியாகவே அமைதல் வேண்டும். 1942இல் நிறுவப்பெற்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் எழுத்தாளர் அமைப்புகளும் தமிழில் மாதிரி ஒப்பந்தமொன்றை ஆக்கி, உறுப்பினரின் நூல்கள் சுவடிகள் திணைக்களத்தைச் சேர்வதை உறுதிசெய்து, மீறப்பட்டவர் சார்பில் முதற் கடிதத்தைத் தாமே எழுதலாம். 1885இல் குடியேற்ற அரசு தன் தேவைக்கு வகுத்த பதிவுமுறை, இவ்வாறு எழுத்தாளரின் சான்றாகவும் பயன்படும்.