முறை வைத்து வந்த அண்டை வீட்டார்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியிலே கிரேட் மிஸ்ஸெண்டன் என்றொரு கிராமம் இருக்கிறது. பாரிசவாயுவில் விழுந்தவரைப் பராமரிக்கும் குடும்பத்தின் பாரத்தை ஊரார் மணிக்கணக்கில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அந்நாட்டில் வேரூன்றியதற்கு, 1965ஆம் ஆண்டில் அக்கிராமத்து வீடொன்றுக்கு நேர்ந்த சங்கடமே மூலகாரணம்.

வீட்டுத் தலைவர், சிறுவர் கதைகளால் உலகப் பிரசித்தி பெற்ற ரோல்ட் டால். அவர் மனைவி, 'ஹட்' என்ற படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற அமெரிக்க நடிகை பட்ரீஷியா நீல். அவ்வாண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, படப்பிடிப்புக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தங்கியிருந்த சமயத்தில், 39 வயதான அவ்வம்மையாருக்கு, அதுவும் கர்ப்பவதியாக இருக்கையில், மூளையின் ரத்தக்குழாய் வெடித்தது. சஸ்திர சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய மூன்று வாரம் பிரக்ஞையின்றிக் கிடந்து அவர் கண் விழித்தபோது, வலப்பக்கம் செயலற்றிருந்தது, வாக்கும் போயிருந்தது.

மே மாதத்தில் ஊர் திரும்பிய டாலின் கையில், பேச்சிழந்த மனைவியும், மூன்று சிறு குழந்தைகளும், எழுதியே பிழைக்க வேண்டிய தொழிலும் ஒருங்கே வந்து சேர்ந்தன. சம்பளம் கொடுத்துத் தாதி வைக்கலாம். ஆனால் நாள் முழுதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியின் மனம் சோர்ந்து மடிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். எனவே ஊரிலுள்ள நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் முறை வைத்து, ஒருவர் போனால் மற்றொருவர் வருமாறு, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வரை மனைவிக்குப் பாடம் சொல்லவைத்தார். இவர்களில் பெரும்பாலோர் வைத்தியமோ பேச்சுப் பயிற்சியோ கற்றவர்களல்லர்; பக்கத்து வீட்டில் வந்து உட்காரும் பாவனையில் வந்து, வாசிக்கச் செய்வார்கள், எழுத்துக்கூட்டச் செய்வார்கள், குழந்தைகள் போடும் கூட்டல் கணக்குகளைப் போடச் சொல்வார்கள். வேண்டிய பொருளின் பெயரை அவரே சொன்னாலன்றி அது கையில் தரப்படுவதில்லை என்பது டாலின் கட்டளை. குரூரத்தின் எல்லையைத் தொட்டுவிட்ட கண்டிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. நீல் அம்மையாரும் பலமுறை மனம் கொதித்தார். ஆயினும் ஆகஸ்டில் சுகமாகப் பிரசவித்தார். 1968ல் வெளிவந்த 'தி சப்ஜெக்ட் வாஸ் ரோஸஸ்' படத்தில் மீண்டும் நடித்தார்.

சரித்திரம் இந்தப் பெருமையைக் கணவருக்கே பெரும்பாலும் சூட்டுகிறது. அது முழு நியாயமன்று. முறை வைத்து வந்தவர்களில் வாலரி ஈட்டன் கிரிஃபித் என்றோர் அம்மையார் இருந்தார். லண்டனில் எலிசபெத் ஆர்டன் அழகு நிலையத்தில் நிர்வாகப் பொறுப்பு வகித்து, தைராய்டு நோயினால் வேலையை விட்டு ஊரோடு இருந்தவர். நீல் அம்மையாரின் பயிற்சியை முதன்மையாக ஏற்று நடத்திய இவர், பின்னர் எழுத்தாளர் ஆலன் மூர்ஹெட் பாரிசவாயுவால் சொல்லிழந்தபோது அவருக்கும் உதவினார். புகழுள்ளவரின் வீட்டுக்கு நண்பர்கள் திரள்வதில் அதிசயமில்லை. ஒருவரும் அறியாத கொத்தனாரின் மனைவிக்கு யார் முறை வைத்து வருவார்கள்? இந்தக் கேள்வியைக் காரியமாக்கியவர் கிரிஃபித்தே. தாம் கண்ட முறையை, குடும்பத்தார் படித்துப் பின்பற்றும்படி 1970ல் ஒரு நூலாக எழுதினார். 1973ல், க்ஷயரோகத் தடுப்புக்கென 1898ல் தோன்றிய ஒரு பழைய சங்கத்தின் ஆதரவில், தொண்டர் திட்டம் ஒன்றைத் துவக்கினார்.

அதன் கிரமம் எளிதாக இருந்தது. தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று பேசியும் விளையாடியும் பயிற்சி தந்தார்கள்; அதோடு நோயாளிகள் பலரும் ஓரிடத்தில் கூடும் வாராந்தரச் சந்திப்பும் இருந்தது. தொண்டர் உள்ளே நுழைந்த வேளையில் நோயாளியின் மனைவி கோட்டை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கோ தபாலாபீசுக்கோ புறப்பட முடிந்தது. இரவும் பகலும் ஒரே முகத்தைப் பார்த்து, சொல்ல வராத சொல்லை ஊகித்து ஊகித்துக் களைத்தவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு தெரியும்.

தொழில்முறைப் பயிற்சியாளர்கள் சிலர் முகம் சுளித்தனர். பல ஆண்டுகள் பயின்று செய்யும் வேலையை அடுத்த வீட்டுப் பெண்மணி செய்துவிட முடியுமானால் மனத்தாங்கல் வருவது இயல்புதானே! இவ்விரு சாராரையும் ஒப்பிட்ட பரிசோதனையொன்று 1979ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. நோயாளிகளின் முன்னேற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. 1982ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியின் முடிவும் ஏறத்தாழ அதுவே. இதைக் கொண்டு பயிற்சியாளர் தேவையில்லை என்று வாதிப்பது பிழை. எந்தச் சொல் ஏன் வரவில்லை என்று கண்டறிய அவர்களே வேண்டும். வாராவாரம் அலுக்காமல் வந்து கதவைத் தட்டுவதற்குத்தான் ஊரார் வேண்டியிருந்தார்கள்.