வில்லேர்-பிரெத்தொனோ: ஒரே இரவில் மீண்ட ஊர்

வில்லேர்-பிரெத்தொனோ, வட பிரான்சில் அமியான் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில், மேட்டு நிலத்தில் அமைந்த சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் பின்னலாடைத் தொழில் அங்கே செழித்தது. 1870இல் பிரஷ்யப் படையுடன் ஒரு போரும் நடந்தது. ஆனாலும் ஊரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது 1918 ஏப்ரலில்தான்.

முதல் உலகப் போரில், அந்த ஆண்டு மார்ச் 21 அன்று ஜெர்மனி பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அமியான் ரயில் சந்திப்பை நம்பியே பிரிட்டிஷ் படைக்குச் சரக்கு வந்துகொண்டிருந்தது. வில்லேர் மேடு கைக்கு வந்தால் அந்நகரைக் கண்ணால் பார்த்துக் குறிவைத்தே சுடலாம். ஏப்ரல் 4இல் நடந்த முதல் முயற்சி தோற்றது. 24ஆம் தேதி காலையில் நச்சுவாயுவோடும் 13 டாங்கிகளோடும் வந்த ஜெர்மானியர் ஊரைப் பிடித்தனர். அன்றே, பக்கத்துக் காஷி கிராமத்தருகே மூன்று பிரிட்டிஷ் டாங்கிகள் ஒரு ஜெர்மன் டாங்கியோடு மோதின. டாங்கியும் டாங்கியும் மோதிய முதல் சண்டை அது. மூன்றில் இரண்டில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே இருந்தன. அவை அடிபட்டுப் பின்வாங்கின. பீரங்கி பொருத்திய மூன்றாவதுதான் எதிரியை முடக்கியது.

ஊரை மீட்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவின் 13, 15ஆம் பிரிகேடுகளிடம் வந்தது. முன்கூட்டிப் பீரங்கி முழங்கவில்லை. இரவு 10 மணியளவில் ஒரு பிரிகேடு வடக்கிலும் மற்றொன்று தெற்கிலுமாக ஊரை வளைத்தன. திட்டம் எளிது, அறிமுகமில்லாத நிலத்தில், இருட்டில், அதை நடத்திக் காட்டுவதுதான் அரிது. 25ஆம் தேதி பிரிட்டிஷ் படைகளின் துணையோடு ஊர் மீட்கப்பட்டது. ஆஸ்திரேலியர்களில் சுமார் 1,200 பேர் இறந்தனர். ஊர் மீண்ட அந்த நாள், துருக்கியின் கலிப்பொலியில் அவர்கள் கரையிறங்கியதன் மூன்றாம் ஆண்டு நிறைவு நாள்.

ஊரில் எஞ்சியது பெரும்பாலும் இடிபாடுதான். விக்டோரியா மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்து அனுப்பிய நன்கொடையில் பள்ளி எழுந்து, 1927இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவை மறவாதீர் என்ற வாசகம் இன்றும் அதன் முற்றத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த லட்டியன்ஸ் அமைத்த நினைவகம் 1938இல் திறக்கப்பட்டது. பிரான்சில் மாண்டு, கல்லறை அறியப்படாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியரின் பெயர்கள் அதில் உள்ளன. இரண்டே ஆண்டில் அடுத்த போர் வந்தது. 1940இல் பாய்ந்த குண்டுகளின் தழும்புகளை அந்தச் சுவர்களில் காணலாம்.

ஏப்ரல் 24இல் ஜெர்மானியர் கைவிட்டுப்போன ‘மெஃபிஸ்டோ’ என்ற டாங்கியை ஜூலையில் குவீன்ஸ்லாந்து வீரர்கள் இழுத்து வந்தனர். பிரிட்டிஷ் டாங்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடும் சிவப்புப் பிசாசு ஒன்று அதன்மேல் வரையப்பட்டிருந்தது. அந்த வகையில் செய்யப்பட்ட 20 டாங்கிகளில் இன்று மிஞ்சியிருப்பது பிரிஸ்பேன் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த ஒன்று மட்டுமே.