பல்லில் பிறந்த ரம்பம்

ஜூரோங் தொழிற்பேட்டைச் சாலைகளில் மரக்கிளை கழிக்கும் வேலை நடந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆரஞ்சு நிறக் கூம்புகள் ஒரு தடத்தை அடைத்திருக்கும். அம்புக்குறி விளக்கு மின்னும் லோரி ஒன்று பின்னால் நிற்கும். பூம் லிஃப்ட்டின் தொட்டியில் நிற்பவர்கள் தூங்குமூஞ்சி மரத்தின் கொப்புகளுக்குள் பாதி மறைந்திருப்பார்கள். எல்லாரும் அந்தச் சத்தத்தைத்தான் கவனிப்பார்கள். எனக்கோ சத்தம் ஓய்ந்த பிறகு நடப்பதைப் பார்க்கப் பிடிக்கும். நடைபாதை விளிம்பில் ஒருவர் உட்கார்ந்து, ரம்பத்தைக் கால்களுக்கிடையே இறுக்கி, சுண்டுவிரலை விட மெல்லிய உருண்டை அரத்தால் சங்கிலியின் பற்களை ராவுவார். தள்ளும்போது மட்டும்தான் அழுத்தம்; திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடாது. ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல். ஒன்று விட்டு ஒன்றாக இடப்பக்கப் பற்களை முடித்துவிட்டு, ரம்பத்தைத் திருப்பி வைத்து வலப்பக்கப் பற்களை எடுப்பார். எப்போது ராவ வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், கீழே கிடப்பதைக் காட்டுவார்கள்: “தூளா கொட்டுச்சுன்னா மழுங்கிருச்சுண்ணே. சீவலா வரணும்.”

சங்கிலி ரம்பத்தின் வரலாறே அந்தத் தூளுக்கும் சீவலுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை வேறு. ‘செயின்சா பிரசவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா?’ என்ற செய்தி வருஷத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் மூலம் வந்து சேர்கிறது, கூடவே பெட்ரோல் இயந்திரத்தின் படத்தோடு. பாதி உண்மை. அந்தப் படம்தான் முழுப் பொய்.

1780களில் எடின்பரோவில் ஜான் எய்ட்கன் என்றொரு மருத்துவர் இருந்தார். சிசு இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற வழி அதிகம் இல்லாத காலம் அது. வயிற்றைக் கீறி எடுத்தால் தாய் பிழைப்பது அபூர்வம். அதனால் இடுப்பின் முன்புற மூட்டை அறுத்துச் சற்று விரிக்கும் முறையைச் சிலர் கையாண்டார்கள். கத்தியால் அந்த இடுக்கில் வேலை செய்வது கொடுமை. எய்ட்கன் கண்ட வழி, கடிகாரச் சங்கிலி போன்ற மெல்லிய சங்கிலி. ஒரு பக்கம் பல், இரு முனையிலும் கைப்பிடி. எலும்புக்குப் பின்னால் அதை நுழைத்து, இரு கையாலும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். 1785இல் வெளியான அவருடைய மகப்பேற்று நூலில் இதன் படம் இருக்கிறது. கிளாஸ்கோவின் உடற்கூற்றுப் பேராசிரியர் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதே யோசனைக்கு வந்தார். அவருக்கு இது அழுகிய மூட்டெலும்பை அகற்றுவதற்கு. 1830இல் வூர்ட்ஸ்புர்க்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஹைனே, முடிவில்லாமல் சுற்றும் சங்கிலியை ஒரு தகட்டின் விளிம்பில் ஓடவிட்டு, கையால் சுழற்றும் எலும்பு ரம்பம் செய்தார். உருவத்தில் இன்றைய இயந்திரத்தின் தாத்தா என்றால் அது ஹைனேயின் கருவிதான். ஆனால் அதை எந்த மரவெட்டியும் பார்த்து நகலெடுத்ததாகச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய மருத்துவர் ஜில்யியின் முறுக்குக் கம்பி ரம்பம் வந்ததும், அறுவை அறையில் சங்கிலியின் காலம் முடிந்தது.

காட்டில் அதன் கதை தனியாகத் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் செம்மரங்களை, அந்த ராட்சத ரெட்வுட்களை, அறுக்கவென்று சான் ஃபிரான்சிஸ்கோவின் சாமுவேல் பென்ஸ் 1905இல் ‘முடிவில்லாச் சங்கிலி ரம்பம்’ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சார ரம்பம் செய்தார். எடை 64 கிலோ. காட்டுக்குள் மின்சாரத்துக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு எமில் லெர்ப் தன் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியாவின் டோல்மார் மலையில் ஓட்டிக்காட்டினார். அந்த மலையின் பெயரே பிறகு கம்பெனியின் பெயரானது. 1929இல் ஷ்டீலும் பெட்ரோலுக்கு வந்தார், 46 கிலோவில். எல்லாமே இரண்டு ஆள் தூக்க வேண்டியவை. ஒருவர் எஞ்சினைப் பிடிக்க, மற்றவர் தகட்டின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும்.

எடையைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ பெரிய குறை வேறு இடத்தில் இருந்ததாகப் படுகிறது. எஞ்சின் புதிது, சங்கிலி புதிது, பல் மட்டும் பழையது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் கைவாளின் பல்லை அப்படியே சங்கிலியில் வைத்திருந்தார்கள். அது மரநாரைப் பிறாண்டிப் பிறாண்டித்தான் அறுக்கும். கொட்டுவதெல்லாம் தூள். சீக்கிரமே மழுங்கும், பல வடிவப் பற்களைப் பல கோணத்தில் ராவ வேண்டியிருந்ததால் கூர்பிடிப்பதே ஒரு தனி வேலை. எஞ்சினின் பலத்தில் பெரும்பகுதி இந்தப் பிறாண்டலிலேயே வீணானது.

1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசஃப் பியூஃபர்ட் காக்ஸ் என்ற மரம்வெட்டித் தொழிலாளி விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டையில் ஆள்காட்டி விரல் அளவுள்ள புழுவைப் பார்த்தார். மரத்தைத் துளைக்கும் வண்டொன்றின் இளம்பருவம். நாரோடு ஒட்டிப் போனாலும் சரி, நாருக்குக் குறுக்கே போனாலும் சரி, அது ஒரே வேகத்தில் தின்றுகொண்டே போனது. எந்த ரம்பத்துக்கும் வராத வித்தை. வேறு யாராவது என்றால் புழுவைத் தட்டிவிட்டு விறகை எடுத்துப் போயிருப்பார்கள். காக்ஸ் அதன் வாயைக் கவனித்தார். அரைவட்டமாக வளைந்த இரண்டு தாடைகள். ஒன்று இடமிருந்து, மற்றது வலமிருந்து, மாறி மாறிச் சீவின. பிறாண்டல் இல்லை.

அந்தத் தாடையை எஃகில் செய்தார். பல்லின் தலை வளைந்து ஒரு பக்கம் கவிந்திருக்கும், விளிம்பு உளி போல மரத்தைச் சீவியெடுக்கும். ஒரு பல் இடம் பார்த்து, அடுத்தது வலம் பார்த்து. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு. பல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். 1947இல் போர்ட்லாந்தில் தன் வீட்டின் நிலவறையிலேயே சங்கிலிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்றும் ‘ஓரிகன்’ என்று அச்சிட்ட பெட்டியில் வரும் சங்கிலி அந்த வழியில் வந்ததுதான். வேறு எந்தக் கம்பெனியின் சங்கிலியை வாங்கினாலும் பல்லின் அடிப்படை காக்ஸுடையதே. வளைந்த பல் என்பதால் உருண்டை அரம் போதும், ஒரே கோணம் போதும். பட்டறைக்குப் போகாமல் ஜூரோங்கின் நடைபாதையிலேயே வேலை முடிவதற்குக் காரணம் இதுதான். ரம்பத்தின் பிறந்தநாளை என்னிடம் கேட்டால் 1946 என்றே சொல்வேன்.

மீதிக்கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1950 வாக்கில் ஒரே ஆள் தூக்கும் ரம்பங்கள் வந்தன. சாய்த்தாலும் கவிழ்த்தாலும் எஞ்சின் அணையாமல் இருக்க, மிதவைக்குப் பதில் சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்தது. 1959இல் வந்த ஷ்டீல் கான்ட்ரா 12 கிலோதான். அதிர்வில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் பரவவே, கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ரப்பர் வைத்தார்கள். தகட்டின் மேல்முனை மரத்தில் தட்டினால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது இடது மணிக்கட்டு முன்மறைப்பில் மோதினாலே சங்கிலி நின்றுவிடும்படி 1970களில் பிரேக் வந்தது.

ஜூரோங்கும் ஏறக்குறைய இதே காலத்துப் பிள்ளை. 1961இல் கோ கெங் சுவீயின் திட்டப்படி இங்கே குன்றுகளை வெட்டிச் சதுப்பில் கொட்டத் தொடங்கினார்கள். பணம் சேற்றில் போகிறது என்று கேலி பேசியவர்கள் உண்டு. வந்த தொழில்களில் ஒட்டுப்பலகை ஆலைகளும் இருந்தன. காட்டில் ரம்பம் சாய்த்த அயல்நாட்டு மரங்களை இங்கே உரித்து, ஒட்டி, ஏற்றுமதி செய்தார்கள். அதாவது ஜூரோங்குக்கு ரம்பத்தின் அறிமுகம் அறுத்த கட்டையின் வழியாக. சாலையோரத்தில் அதற்கு வேலை வர இன்னும் காலம் ஆனது. அறுக்க மரம் வளர வேண்டுமே! 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் லீ குவான் யூ ஒரு மெம்பாட் கன்றை நட்டார், 1967இல் தோட்ட நகரம் என்ற அறிவிப்பு வந்தது. நிழல் சீக்கிரம் வேண்டும் என்று தென்னமெரிக்காவிலிருந்து 1876இலேயே வந்துவிட்ட தூங்குமூஞ்சியையும், பெரிய போத்தாகவே ஊன்றினாலும் துளிர்க்கும் அங்சானாவையும் சாலைகள்தோறும் வைத்தார்கள். அவை இன்று குடை விரித்து நிற்கின்றன. சுமாத்ராக் காற்று விடியற்காலையில் சுழற்றியடித்தால், கனத்த கொப்பு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. எனவே சீராகக் கழித்துவிட வேண்டும். ஆனால் வேரோடு சாய்ப்பது எளிதல்ல. அரை மீட்டர் உயரத்தில் அளந்து ஒரு மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்தை, அது மரப் பாதுகாப்புப் பகுதியிலோ வெற்று நிலத்திலோ நின்றால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்பது சட்டம்.

மரத்தைக் காப்பதற்காக அறுப்பது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுத்ததும் இதே கருவிதான். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ, ஒற்றை ஆள் ரம்பத்தைக் கொண்டு 1959இல் மரங்களைக் குறுக்கே அறுக்காமல் நெடுக்காகப் பிளந்து பார்க்கத் தொடங்கினார். கைவாளால் நினைத்தும் பார்க்க முடியாத வேலை. ஆயிரக்கணக்கான மரங்களை அப்படிப் பிளந்தபோது, காயம்பட்ட மரம் நம் தோலைப் போல ஆறுவதில்லை என்று தெரிந்தது. அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளேயே அடைத்துவிட்டு, மேலே புது மரம் வளர்க்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதி அந்தச் சுவருக்கு மிக முக்கியம். தண்டோடு ஒட்ட வழித்து அறுத்துத் தார் பூசுவதுதான் பழைய தோட்டக்காரர்களின் நேர்த்தி. அந்த நேர்த்தி கழுத்தையே சீவி எறிந்து அழுகலுக்கு வாசல் திறந்துவிட்டது.

இன்று கிளையை மூன்று வெட்டில் எடுக்கிறார்கள். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழிருந்து மேலாக ஒரு வெட்டு, கிளை முறியும்போது பட்டை உரிந்து வராமல் இருக்க. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கனமெல்லாம் கீழே வந்துவிடும். மிஞ்சிய முட்டுக்கட்டையைக் கழுத்துக்கு வெளியே அறுப்பது மூன்றாவது. தாரும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. மூன்றாவது வெட்டுக்குத்தான் நல்ல கூர் வேண்டும். மழுங்கிய சங்கிலி கோடு விலகும். அந்த நேரத்தில் கீழே நிற்கும் சூப்பர்வைசர் சும்மா இருக்கமாட்டார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் தொட்டியைப் பார்த்துக் கத்துவார்: “ஒட்ட அறுக்காதே தம்பி, கழுத்த விட்டு அறு!”